திருத்த முத்திரை

நகோயா
1973 ஏப்ரல் 22, ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள கிகுயேவுக்கு,

இங்கே செர்ரிப் பூக்கள் உதிர்ந்து, மழையில் ஊறி, தெருவெல்லாம் சேறாகிவிட்டது. உங்கள் ஹொக்காய்டோவில் இன்னும் பனியே உருகியிருக்காது. உன் மாமியாரின் முழங்கால் வலி, பையன்கள் இருவரின் சளி, உன் வீட்டுக்காரரின் படகு எல்லாம் எப்படி இருக்கின்றன? நான் நலம். கால்கள் மட்டும் நலமில்லை. படுத்தபடி, இரண்டு கால்களையும் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஆபீஸ் வேலைக்குப் போகிறேன், கிகுயே. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நான் கல்லாவில் நின்றுகொண்டே புத்தகம் படிக்கும் அந்தப் பழைய புத்தகக் கடையைப் பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். செய்தி எட்டிய மறுநாளே அத்தை வந்து உட்கார்ந்துகொண்டாள். "இருபத்தொன்பது வயசாச்சு. எழுதறேன் எழுதறேன்னு இன்னும் எத்தனை நாளைக்குடி வெறுஞ்சோத்துல சோயா சாஸ ஊத்தித் தின்னுக்கிட்டு இருப்பே? ஒரு ஆபீஸ்ல போய் உட்காரு. மாப்பிள்ளையாவது கெடைப்பான்" என்றாள். பொத்தான் மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தெரிந்தவர் இருந்தார். இந்த மாதம் இரண்டாம் தேதி, பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று, தலைவர் உரையைக் கேட்டு, நானும் புது ஊழியை ஆனேன்.

அத்தை சொன்னதுபோல் உட்காரத்தான் முடியவில்லை. காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியில் உள்ள இருபத்திரண்டு பேருக்கும் பெண்கள்தான் தேநீர் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோப்பை உண்டு. எனக்கு முன்னால் இருந்த பெண், எந்தக் கோப்பை யாருடையது என்று படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனதால் போய்விட்டாள். கல்யாணம் என்றால் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று இங்கே எந்த விதியும் இல்லை. வழக்கம்தான். அதனால் விதியைவிடக் கெட்டியாக இருக்கிறது.

முதல் நாள் பிரிவுத் தலைவர் குவாபாரா எனக்கு ஒரு பாடம் எடுத்தார். பதிவேட்டில் தப்பு வந்தால் அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. தப்பின்மேல் இரண்டு கோடு இழுத்து, அதன்மேல் நம் பெயருள்ள குட்டிச் சிவப்பு முத்திரையைக் குத்தி, மேலே சரியானதை எழுத வேண்டும். "பழசு என்னன்னு அடியில தெரியணும், ஹோரி சான். யார் எழுதினாங்களோ அவங்கதான் திருத்தணும். அடுத்தவங்க பதிவுல நானே கை வைக்கமாட்டேன்" என்றார். பத்து வருஷமாகத் தாளைக் கிழித்தே பழகிய என்னிடம் இதைச் சொல்கிறார். பள்ளி முடித்த அன்று நம் இருவருக்கும் பரிசாகக் கொடுத்தார்களே, ஹோரி என்று என் குடும்பப் பெயர் செதுக்கிய அந்த மர முத்திரையைத்தான் எடுத்துப் போயிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அதற்கு வந்த முதல் வேலை இது.

என் நாவலின் பதினான்காம் அத்தியாயம் எங்கே என்று கேட்டிருந்தாய். இல்லை. கலங்கரை விளக்கக் காவலாளியின் விதவையை இன்னும் பாறைமேலேயே நிற்க வைத்திருக்கிறேன். அவளுக்கும் என்னைப்போலக் கால் வலிக்கும். வீட்டுக்கு வந்தால் பேனாவை எடுக்கக் கை எழவில்லை. நாம் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய நாட்களில் உன் கதையைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுவார்கள், என்னுடையது கடைசிதான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு தூங்கிப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

களைத்துப்போன,
சயோ


1973 ஜூலை 15, ஞாயிறு

அன்புள்ள கிகுயேவுக்கு,

நீ அனுப்பிய உலர்ந்த கணவாய் வந்தது. வெக்கையில் சோறு இறங்காத நாட்களில் அதை மென்றுதான் காலம் தள்ளுகிறேன். உன் கடிதத்தில் குழந்தைகளின் சளியும் ஊறுகாய் போடும் பக்குவமும் மட்டும்தான் இருந்தன. பரவாயில்லை, நானும் உருப்படியாக ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடம் சொல்கிறேன்.

மே மாதம் குவாபாரா அவர்களின் கோப்பையை இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டேன். சுஷிக் கடையில் இலவசமாகத் தந்த கோப்பை, சுற்றிலும் மீன்களின் பெயர்கள் எழுதியிருக்கும். அது இடம் மாறியதற்கு அரை நாள் அலுவலகமே இழவு வீடுபோல இருந்தது. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வழியில் போனேன். ஒரு நோட்டு வாங்கி, கோப்பைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் சொந்தக்காரரைப் பற்றி நானாக ஒரு கதை கட்டி எழுதினேன். மீன் கோப்பைக்காரர் வீட்டில் மீனே வாங்க விடமாட்டார்கள். தங்க விளிம்புக் கோப்பைக்காரர் மனைவிக்குத் தெரியாமல் நடனம் பழகுகிறார். இப்படி இருபத்திரண்டு பொய்கள். இரண்டே நாளில் ஒரு கோப்பைகூடத் தவறவில்லை. நோட்டைத் தேநீர் அறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

சரக்குப் பிரிவில் ஹதானோ என்று ஒருவர் இருக்கிறார். சாம்பல் நிறக் கோப்பை, விளிம்பில் சின்ன உடைசல். அந்த உடைசல் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துக் குடிப்பார். கிடங்கில் எந்தப் பெட்டியில் எந்தப் பொத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், வேறெதற்கும் வாயைத் திறக்கமாட்டார். அவர் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: "மனைவியை இழந்தவர். உடைந்த கோப்பை அவள் வாங்கியது. வயது நாற்பத்தைந்து. சிரிக்கத் தெரியாது."

போன செவ்வாய் காலை நோட்டைத் திறந்தால், கிகுயே, அந்தப் பக்கத்தில் சிவப்பு சிவப்பாக முத்திரை. "மனைவியை இழந்தவர்" மேல் அளவுகோல் வைத்து இழுத்த இரண்டு கோடு, ஹதானோ என்ற முத்திரை, மேலே "திருமணமாகாதவர்." "அவள் வாங்கியது" மேல் இரண்டு கோடு, முத்திரை, "ரயில் நிலையத்தில் வாங்கியது." நாற்பத்தைந்து என்பது முப்பத்தாறு ஆகியிருந்தது. "சிரிக்கத் தெரியாது" என்பதற்கு மேல் "முன்பல் ஒன்று இல்லை. கட்டியதும் சிரிப்பார்" என்று இருந்தது. பல் பிடுங்கிய வாயைக் கொப்பளிக்க உப்பு எடுக்க வந்த மனிதர் உப்போடு நோட்டையும் எடுத்திருக்கிறார்.

அன்று பத்து மணித் தேநீரை அவர் முகத்தைப் பார்க்காமல் ஊற்றியதில் பாதி தட்டிலேயே கொட்டியது. அவர் கோப்பையைத் திருப்பி வைத்துக் குடித்துவிட்டு, வழக்கம்போலத் தலையாட்டினார். அவ்வளவுதான். மதியம் கோபம் வந்துவிட்டது. என் பதிவில் கைவைக்க இவர் யார்? "எழுதியவர்தான் திருத்த வேண்டும் என்பது கம்பெனி விதி" என்று அடியில் எழுதி வைத்தேன். மறுநாள் பதில் இருந்தது: "பதிவு உங்களுடையது. சரக்கு நான். பதிவும் சரக்கும் ஒத்துப்போகாவிட்டால் சரக்குப் பிரிவுதான் திருத்த வேண்டும்."

தேநீர் அறையில் தனியாக நின்று சிரித்தேன். என்னோடு தேநீர் கொடுக்கும் மியோஷி என்ற பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றாள். அவளுக்கு இருபத்தொரு வயது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாமா? ஒருவார்த்தை எழுது.

வெட்கம் தாங்காத,
சயோ


1973 நவம்பர் 18, ஞாயிறு

அன்புள்ள கிகுயேவுக்கு,

அங்கே கடும் பனி என்று வானொலியில் கேட்டேன். விறகு போதுமா? இங்கே கச்சா எண்ணெய்த் தட்டுப்பாடு, கடையில் எல்லாமே தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. கழிவறைக் காகிதம் வாங்க அத்தை கடைவாசலில் இரண்டு மணி நேரம் நின்று, இடிபட்டு, கடைசியில் சோப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பழைய தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும். காலில் கம்பளித்துணி சுற்றிக்கொண்டு, இருட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

நோட்டை வீட்டுக்கு எடுத்து வரவில்லை. நீயும் எடுத்து வரச் சொல்லவில்லை.

கோடை முழுவதும் அவர் பக்கத்தில் வேண்டுமென்றே பொய் எழுதினேன், அவர் அளவுகோலோடு வந்து திருத்தினார். "ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவார்" என்றால் இரண்டு கோடு, "துணி துவைப்பார்." "பூனை பிடிக்காது" என்றால் இரண்டு கோடு, "பூனைக்கு இவரைப் பிடிக்காது." பக்கம் போதாமல் தாள் ஒட்டினோம். அக்டோபரில் ஒருநாள் ரயில் நிலையம்வரை சேர்ந்தே நடந்தோம், நின்றபடி தட்டையான நூடுல்ஸ் தின்றோம். நேரில் பேசினால் அவருக்கு நாலு வார்த்தைக்குமேல் வராது. "எழுதறீங்களாமே" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எப்ப தூங்குவீங்க?" என்றார். பத்து வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எப்போது பிரசுரமாகும் என்றுதான் கேட்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மிளகாய்த்தூள் மேல் பழியைப் போட்டேன்.

போன வாரம் அவர் தானாக ஒரு திருத்தம் செய்திருந்தார். முப்பத்தாறு என்பதன்மேல் இரண்டு கோடு, முத்திரை, முப்பத்தேழு. அடியில்: "சரக்கு இன்னும் கிடங்கிலேயே இருக்கிறது. எடுத்துச் செல்ல ஆள் உண்டா என விசாரிக்கவும்."

நீ சிரிப்பது கேட்கிறது. நானும் சிரித்தேன், பிறகு பயந்தேன். அவரைப் பார்த்துப் பயமில்லை. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டும்போது அவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் நான் இப்போதே எழுதுவதில்லை, கிகுயே. வெறும் தேநீர் கொடுத்தே இந்தக் கதி. கல்யாணம், வீடு, அவருடைய அம்மா, குழந்தை என்று ஆனால், என்னிடம் மிச்சம் என்ன இருக்கும்? அவரை இழந்தால் அழுது தீர்த்துவிடுவேன். எழுத்தை இழந்தால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் என் கவலை. பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அவரும் அவசரப்படுத்தவில்லை. பல் கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாராம்.

உனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். நீ சொல்வதைக் கேட்கிறேன். உண்மையைச் சொல்.

குழப்பத்திலிருக்கும்,
சயோ


1974 மார்ச் 24, ஞாயிறு காலை

அன்புள்ள கிகுயேவுக்கு,

பிளம் பூத்து ஓய்ந்துவிட்டது. உன் புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்தது. அதில், "செய்துகொள். எழுத்து எங்கும் ஓடிப்போய்விடாது" என்று எழுதியிருந்தாய். அட்டையின் மூலையில், பென்சிலால், இரண்டே வரி. எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உன் இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் ஓட்டினேன். பிறகு இந்த மாதத் தொடக்கத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதினேன்: "ஹோரி சயோ. வெள்ளைக் கோப்பை, நீலப் புள்ளி. வயது முப்பது. திருமணம் செய்துகொள்வாள். கோப்பையைக் கழுவித் துடைத்து, தட்டை அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அதன்பின் எழுதமாட்டாள்." அதை உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் அந்தக் கடைசி வரியை அடித்தால் சரி என்று சொல்லிவிடுவது, அடிக்காவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மார்ச் என்றால் சரக்குப் பிரிவுக்கு வருஷக் கணக்கெடுப்பு. ஒன்பது நாள் அவர் கிடங்கைவிட்டு வெளியே வரவில்லை. தேநீரை மியோஷிதான் கீழே கொண்டுபோனாள். "அந்த ஆளு பொத்தானோட பேசிக்கிட்டு இருக்காருக்கா, பாவமா இருக்கு" என்று சொன்னாள். பத்தாம் நாள் அவர் மேலே வந்துபோன பிறகு நோட்டைத் திறந்தேன். ஒரு கோடு இல்லை. ஒரு முத்திரை இல்லை. ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தது: "இந்தச் சரக்கு என் கிடங்கைச் சேர்ந்ததல்ல. என் முத்திரை இங்கே செல்லாது. உரியவர் திருத்தினால் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயார்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு கோடு இழுத்தால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்? வேறெந்த ஆணாக இருந்தாலும் அந்த வரியை அடித்திருப்பான், அடித்துவிட்டுப் பெருமையாக நின்றிருப்பான். குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். இருபத்திரண்டு கோப்பைகளையும் கழுவி முடிப்பதற்குள் கோபம் இறங்கிவிட்டது. அவர் அடித்திருந்தால் அது அவர் கொடுத்த அனுமதி, கொடுத்தவர் என்றைக்காவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த வரியை எழுதியது நான். பத்து வருஷமாக ஒவ்வொரு நாளும் அதை மனசுக்குள் நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அலுவலகம் வருவதற்கு முன்பே.

முத்திரையை எடுத்தேன். மை காய்ந்திருந்தது, வாயால் ஊதி ஈரமாக்கினேன். "எழுதமாட்டாள்" மேல் மட்டும் இரண்டு கோடு, ஹோரி, மேலே "எழுதுவாள்." "திருமணம் செய்துகொள்வாள்" என்ற வரியில் கை வைக்கவில்லை. மூன்று மணித் தேநீரை நானே கீழே எடுத்துப் போய், தட்டுக்கடியில் நோட்டை வைத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பெட்டியிலிருந்து பேனாவை எடுத்து, தேதி போட்டு, சாட்சி என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு சிரித்தார். புதுப் பல் மற்ற பற்களைவிட ரொம்ப வெள்ளை. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலையில் இருக்க விரும்புகிறேன் என்று குவாபாரா அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் மீன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்புறம் உங்க வீட்டுக்காரருக்கே நீங்க ஆபீஸ்ல தேநீர் கொடுப்பீங்களா? பார்க்கிறவங்களுக்குச் சங்கடமா இருக்காதா? யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசிப்பதாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். ஜூனில் வெளியே வந்துவிடுவேன். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள்.

விதவையைப் பாறையிலிருந்து இறக்கி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளை எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்திரண்டு கோப்பைக்காரர்களை எனக்குத் தெரியும். தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை அவர்களை எழுதுகிறேன், தூங்கி வழிந்துகொண்டே. அறுபது பக்கம் ஆகியிருக்கிறது. நன்றாக வருகிறதா என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் வருகிறது.

இனி, பதில் எழுதத் தாமதமான காரணம். எழுத்து எங்கும் ஓடிப்போகாது என்று எழுதியிருந்தாயே, உன்னுடையது எங்கே, கிகுயே? எட்டு வருஷமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்து, உன் மனசு நோகும் என்று பயந்து, உன் பையன்களின் சளியை விசாரித்துக்கொண்டிருந்தேன். நீயும் என் அத்தியாயத்தையே விசாரித்துக்கொண்டிருந்தாய்.

இத்தோடு அந்த நோட்டை அனுப்புகிறேன். வேண்டியதை நகலெடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் இருப்பது இது: "கிகுயே. கோப்பை எப்படி இருக்கும், அந்த வீட்டில் அவளுக்கென்று தனிக் கோப்பை உண்டா என்று தெரியவில்லை. வயது முப்பது. எங்கள் எல்லோரையும்விட நன்றாக எழுதியவள். இனி எழுதமாட்டாள்."

அது பொய் என்றுதான் நம்புகிறேன். இரண்டு கோடு இழுக்கக் கை துடித்தது. இழுக்கவில்லை, அது என் கிடங்குச் சரக்கல்ல. இப்போது நீ வங்கிக்கும் தபாலுக்கும் குத்தும் முத்திரை உன் வீட்டுக்காரர் குடும்பத்துடையது, அது வேண்டாம். பள்ளி முடித்த அன்று எனக்குக் கொடுத்ததுபோலவே உனக்கும் ஒன்று கொடுத்தார்களே, நிவா என்று உன் அப்பா வீட்டுப் பெயர் செதுக்கியது. நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு அடியில் தேடிப் பார். மை காய்ந்திருக்கும், வாயால் ஊதினால் போதும்.

குழந்தைகளும் பெரியவர்களும் சுகமாக இருக்கட்டும். படகு பத்திரமாகக் கரை சேரட்டும். நோட்டைத் திருப்பி அனுப்பு, கிகுயே. எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தை அப்படியே மட்டும் அனுப்பாதே.

சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவோடு காத்திருக்கும்,
சயோ